பேதி கட்டிய கஞ்சி

ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் என் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. ஒருவருக்கு மூலம், இன்னொருவருக்கு வயிற்றுப் புண். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய்க்கு மாதக்கணக்காக நிற்காத வயிற்றோட்டம். "உங்களுக்கு என்ன மகள்?" என்று அந்தத் தாய் கேட்டார். எனக்குப் பசித்தது, நித்திரை வந்தது, மலம் ஒழுங்காகப் போனது. ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் வந்து குந்தியிருப்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"சும்மா சோதிக்க வந்தனான்" என்றேன்.

"சும்மா ஆரு மகள் இங்க வருவா?" என்றார் அவர்.

அவர் சொன்னது சரி. நான் பயந்து வந்தவள். என் அப்பாவைக் குடல் வருத்தம் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை. வயிற்றுக்குள் கட்டி என்றார்கள், அவ்வளவுதான். பல வருடம் கழித்து என் அண்ணனுக்கும் அதே பக்கத்தில் அதே நோவு வந்தது. இந்த முறை பெயர் சொன்னார்கள்: பெருங்குடல் புற்றுநோய். பெயர் தெரிந்ததால் அண்ணன் ஒரு நாளும் கூடுதலாக இருக்கவில்லை.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்தவர், கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை திருகோணமலைக்கு வந்துபோகும் சத்திரசிகிச்சை நிபுணர். அண்ணனின் கட்டிலருகே ஒரு நாள் என்னை நிறுத்தி, "இந்த வருத்தம் சில குடும்பங்களில தொடர்ந்து வரும். நாப்பது தாண்டினதும் நீங்கள் சோதிச்சுப் பாக்க வேணும். வருத்தம் வந்த பிறகு இல்லை, வர முன்னம்" என்றார். நான் தலையாட்டினேன். நாற்பதும் வந்தது, தாண்டியும் போனது. நான் போகவில்லை.

மூதூர் தபால் கந்தோரில் தந்தி எடுப்பது என் வேலை. நகரத்திலிருந்து தொலைபேசியில் வாசிப்பார்கள், நான் கேட்டு எழுதுவேன். அண்ணன் இறந்த செய்தியையும் நான்தான் எடுத்தேன். வாசித்தவருக்கு என்னைத் தெரியாது. முதலில் விலாசம் வாசித்தார். அது என் விலாசம். மிச்சத்தை எழுதாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அதற்குப் பிறகு கந்தோரில் மணி அடித்தால் என் கை முதலில் வயிற்றுக்குப் போகும், அதன் பிறகுதான் தொலைபேசிக்குப் போகும். இப்படிச் சில வருடம் போன பிறகு, இனி ஏலாது என்று போய் அந்த டொக்டரிடம் பதிந்தேன்.

இதே வாங்கில் நாளைக்கு வந்து இருக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம்.

சோதனையின் பெயர் கொலொனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாக வளையும் குழாய் ஒன்றை விட்டுப் பெருங்குடலின் உட்புறத்தைக் கண்ணால் பார்ப்பது). எண்பதுகள் தொடங்கும் அந்தக் காலத்தில் அது எங்கள் பக்கத்துக்குப் புதிது. டொக்டர் அந்தக் கருவியைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்து ரயிலில் கொண்டுவருவார் என்று தாதிமார் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நுனியில் வெளிச்சம், மறுநுனியில் கண் வைத்துப் பார்க்க ஒரு வில்லை. பொலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறிய தசைமுளை) இருந்தால் அது புற்றாக மாறுவதற்கு முன்பே எடுத்துவிடலாம்.

அதற்குக் குடல் வெறுமையாக இருக்க வேண்டும். சோதனைக்கு முதல் நாள் விடிந்ததிலிருந்து சாப்பாடு கிடையாது. ஆமணக்கெண்ணெய் குடித்துப் பேதியாக வேண்டும். பிறகு தெளிந்த நீர் மட்டும்: இளநீர், பால் விடாத தேத்தண்ணி, வடித்த சூப். "கண்ணாடித் தம்ளருக்குப் பின்னால விரலை வைச்சுப் பாருங்கோ. விரல் தெரிஞ்சால் குடிக்கலாம்" என்றார் டொக்டர். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் எனிமா (ஆசனவாய் வழியாக நீர் ஏற்றிக் குடலைக் கழுவுவது) தருவார்கள்.

என் வீடு மூதூருக்குப் பக்கத்தில், கட்டைபறிச்சானில். அங்கிருந்து நகரத்துக்கு வருவதென்றால் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் (மோட்டார்ப் படகில்) கடக்க வேண்டும். லோஞ்சில் ஒரு மறைவும் இல்லை. நான் இதைச் சொன்னதும் என் கணவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நடுக்கடலில வந்துதெண்டால் லோஞ்சைத் திருப்பச் சொல்லுவியே?" என்று கேட்டார். அவருக்கு அது பகிடி, வேடிக்கை. ஆகவே முன்கூட்டியே வெளிக்கிட்டு நகரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காதான் எங்களில் மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. உட்துறைமுகத்துக்குக் கிட்ட, அப்பா விட்டுப்போன வீட்டில் தையல் மெசினோடு இருக்கிறாள். அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தவர். மனைவியை இளவயதில் இழந்தபின் அந்த வீட்டிலேயே இருந்தார், அங்கேயே இறந்தார். அக்கா எனக்குக் கட்டில் விரித்ததும் அண்ணனின் அறையில்தான். வேறு அறை இல்லை.

கட்டில் அதேதான். யன்னலைத் திறந்தால் துறைமுகத்துத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். கடைசிக் காலத்தில் அண்ணனுக்குக் கூப்பிடக் குரல் இருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளரும் கரண்டியும் வைத்திருந்தார். கரண்டியால் தம்ளரில் தட்டுவார். அக்கா மெசினில் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். அந்தத் தம்ளர் இப்போதும் குசினியில் புழங்குகிறது. எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை.

காலையில் அக்கா தோடம்பழச் சாற்றில் எண்ணெயை விட்டு, சின்ன வயதில் செய்தது போல என் மூக்கைப் பொத்திக் குடிக்க வைத்தாள். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் எங்களை வரிசையில் நிறுத்திப் பேதிக்குக் கொடுப்பார்கள். இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. எண்ணெய் வேலை தொடங்கியதும் பின்வளவில் இருந்த கக்கூசுக்கும் அறைக்கும் நடந்தேன். பாதி வழியில் அக்கா ஒரு கதிரையைப் போட்டு வைத்திருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீராகவே போனது. கை கால் ஓய்ந்து கட்டிலில் விழுந்தேன்.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. தம்ளரில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. நான் கிடந்த பள்ளத்தில்தான் அண்ணனும் கிடந்தார். அதே பக்கம் சரிந்து, அதே மாதிரி முழங்காலை மடித்து. அவர் என்னை விலகச் சொல்லித் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

அக்கா உள்ளே வந்தாள். கையில் அந்தத் தம்ளர். வறுத்த சிவப்பரிசிக் கஞ்சியில் மோர் விட்டு, உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். "இந்தா பிள்ளை. கட்டட்டும்" என்றாள். நான் குடித்தேன். வயிறு அமைதியானது. அண்ணனின் கட்டிலில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டை தந்தார்கள். முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்தது, கட்டுவதற்கு நாடா மட்டும். அக்கா கண்டிருந்தால் பிரித்து ஒழுங்காகத் தைத்துக் கொடுத்திருப்பாள். தாதி எனிமா தருவதற்கு முன், "நேற்று ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். "இல்லை மிஸி. தெளிஞ்ச தண்ணி மட்டுந்தான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அக்கா தந்தது என் மனதில் சாப்பாடாக இருக்கவே இல்லை.

இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். முழங்கால்களை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். கையில் ஓர் ஊசி போடுவார்கள், நினைவு முழுக்கப் போகாது. குழாய் போவதைவிட உள்ளே ஊதும் காற்றுத்தான் கஷ்டம். வயிறு முட்டி, குடல் இழுபடும். வெட்கம் தொடக்கத்தில் மட்டும்தான். காற்று ஏறத் தொடங்கினால் வெட்கப்பட நேரமிருக்காது.

டொக்டர் வில்லையில் கண்ணை வைத்துக் குனிந்தார். சற்று நேரம் கதைத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். குழாயை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார், நீர் விட்டார். பிறகும் பேச்சில்லை. அந்த மௌனத்தை நான் முதலிலும் கேட்டிருக்கிறேன். அண்ணனின் வயிற்றில் கை வைத்த அன்று இதே டொக்டர் இதே மாதிரிப் பேசாமல் நின்றார். முடிந்தது என்று நினைத்தேன். என் கணவர், பிள்ளைகள், நான் முடிக்காமல் விட்டுவந்த வேலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றார்.

"ஒண்டும் சாப்பிடேல்லை டொக்டர்."

"உள்ளுக்கு முழுக்கச் சிவப்பரிசித் தவிடு ஒட்டியிருக்குது."

"அது சாப்பாடு இல்லை டொக்டர். பேதி கட்டினது."

தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. குழாயை மெல்ல வெளியே எடுத்தார். "கட்டுறதுக்கு இல்லையம்மா நான் பேதி தந்தது. இதுக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியேல்லை. அடுத்த மாசம் வாங்கோ" என்றார். கையைக் கழுவிக்கொண்டே, "வேற சகோதரங்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்றேன். "அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

எங்கள் வீடுகளில் பேதிக்கு ஒரு முறை உண்டு. எண்ணெய், ஓட்டம், தேசிக்காய் தேய்த்துக் குளிப்பு, கடைசியில் வறுத்த அரிசிக் கஞ்சியும் மோரும். கஞ்சி குடித்தால்தான் பேதி முடிந்தது என்று அர்த்தம். எண்ணெய் மருந்தென்றால் கஞ்சியும் மருந்து. சாப்பிடாதே என்று சொன்னால் சோறு, பாண், இடியப்பம் எல்லாவற்றையும் விலக்குவோம். கஞ்சியை விலக்க வேண்டும் என்பது எங்கள் இருவரில் ஒருவருக்கும் ஓடவில்லை. இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் பேதி கட்ட ஏதோ ஒன்று இருக்கும், மோரோ, கஞ்சியோ, கொத்தமல்லி அவித்த தண்ணீரோ. டொக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அக்கா வீட்டுக்குக் கோபத்தோடு போனேன். மெசினுக்கு முன்னால் இருந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு மாசம் அக்கா. இன்னும் ஒரு மாசம் நான் இந்தப் பயத்தைச் சுமக்க வேணும். உன்ரை ஒரு தம்ளர் கஞ்சியால" என்றேன். என் கையும்தானே தம்ளரைப் பிடித்தது என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

அவள் துணியை மடித்து வைத்தாள். "தம்பி கடைசியாக் கேட்டது கஞ்சி" என்றாள். தம்பி என்றது அண்ணனை. "குடல் அடைச்சுப் போச்சு, வாயால ஒண்டும் குடுக்காதேங்கோ, குடுத்தால் நோவில துடிப்பார் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லி விட்டவங்கள். அவன் கரண்டியால தட்டுவான். நான் போவன். கஞ்சி எண்டு வாயை மட்டும் அசைப்பான். நான் பஞ்சில தண்ணி தொட்டு உதட்டில வைப்பன். அண்டைக்கு முழுக்கத் தட்டினவன். பிறகு தட்டேல்லை."

எனக்கு இது தெரியாது. நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நேற்று நீ அந்தக் கட்டிலில அப்பிடியே கிடந்தாய் பிள்ளை. அவன் மாதிரியே. நான் டொக்டர் சொன்னதை நினைக்கேல்லை. கஞ்சி வைச்சுக் குடுத்துப்போட்டன்" என்றாள்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளைச் சோதனைக்கு வரச் சொன்னேன். "ஏலாது" என்றாள், ஒரே சொல்லில்.

அந்த மாதம் என் வாழ்வில் மிக நீளமானது. டொக்டர் பார்த்தது முழுவதும் தவிடுதானா என்ற சந்தேகம் லோஞ்சில் ஏறும்போதே பிடித்துக்கொண்டது. சிவப்பாகத் தெரிந்ததில் வேறு ஏதாவது இருந்திருந்தால்? தெரிந்தும் சொல்லாமல் விட்டிருந்தால்? வயிறு இரைந்தால் நின்று கவனித்தேன், இரையாவிட்டால் இன்னும் பயந்தேன். அப்பாவும் அண்ணனும் என் வயிற்றுக்குள் இடம் பார்த்து உட்கார்ந்திருப்பது போல ஓர் எண்ணம். குளிக்கும்போது வயிற்றில் கை வைக்கக் கூசினேன். "நீ இப்ப உன்ரை வயித்தோடதான் குடும்பம் நடத்திறாய்" என்றார் என் கணவர். பகிடிதான், ஆனால் சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கும் பயம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த மாதம் மறுபடியும் அதே கட்டில், அதே எண்ணெய். இந்த முறை அக்கா விடிந்ததிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. அரிசி வாளியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். பிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வந்து, பால் இல்லாத தேத்தண்ணியைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பின்னால் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தாள். தானும் அதையே குடித்தாள். "நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?" என்று கேட்டேன். "சமைச்சால் கை சும்மா இராது" என்றாள்.

மறுநாள் டொக்டர் குனிந்து பார்த்தார், கதைத்துக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இருக்குது. சின்னது. எடுத்துவிடுறன்" என்றார். கம்பிச் சுருக்கு ஒன்றைக் குழாய் வழியாக விட்டுப் பொலிப்பின் காம்பில் மாட்டி மின்சாரத்தால் வெட்டினார். நோகவில்லை. குடலின் உட்சுவருக்கு வெட்டுத் தெரியாதாம். இழுப்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

குழாயைப் பாதி வெளியே எடுத்தபின், "பாக்கப் போறீங்களோ?" என்று கேட்டு, வில்லையை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கண் அதற்குள் போய்விட்டது.

அப்பாவையும் அண்ணனையும் இருத்தி வைத்திருந்த இடம் அது. கறுத்து, அழுகி, இருட்டாக இருக்கும் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. கொட்டாவி விடும் குழந்தையின் வாய்க்குள் பார்த்தது போல. யாரும் இல்லை. சுத்தமாக, வெளிச்சமாக, அது தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது. நான் அழுதேன். நோகிறதா என்று தாதி கேட்டாள். இல்லை என்றேன்.

எடுத்த முளையைக் கொழும்புக்குப் பயொப்சிக்கு (தசையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது) அனுப்பினார்கள். புற்று இல்லை என்று முடிவு வந்தது. விட்டிருந்தால் சில வருடத்தில் ஆகியிருக்கும் என்றார் டொக்டர். இனி மூன்று வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, விறாந்தையில் அந்த வாங்கில் இருந்தேன். அண்ணனுக்கு யாரும் வர முன்னம் பார்க்கச் சொல்லவில்லை. அந்த நினைப்பு இன்றைக்கும் ஆறவில்லை.

முடிவைச் சொன்ன அன்று அக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தைத்து முடித்தாள். பிறகு, "எனக்கும் அந்த நாடா வைச்ச சட்டைதானே தருவாங்கள்?" என்று கேட்டாள்.

அவளுடைய குடலில் ஒரு முளையும் இல்லை என்று பிறகு தெரிந்தது. நான் சொல்ல வந்தது அவளுடைய சோதனைக்கு முதல் நாள் பின்னேரத்தைப் பற்றி. லீவு போட்டு வந்து அவளுக்கு எண்ணெய் கொடுத்தது நான். கதிரையைப் பாதி வழியில் போட்டது நான். அவள் அண்ணனின் அறையில்தான் படுப்பேன் என்று போய்ப் படுத்துக்கொண்டாள். நான் நெருப்பில்லாத குசினியில் இருந்தேன்.

தம்ளரில் கரண்டி தட்டியது.

அறை வாசலுக்குப் போனேன். அக்கா அந்தப் பள்ளத்தில், இடப்பக்கம் சரிந்து, முழங்காலை மடித்து, கையில் கரண்டியோடு கிடந்தாள். முகம் சுருங்கிச் சின்னதாகப் போயிருந்தது. நானும் சில மாதத்துக்கு முன் இப்படித்தான் கிடந்திருப்பேன். அண்ணனும் இப்படித்தான்.

"பிள்ளை, ஒரு வாய் கஞ்சி."

"ஏலாது அக்கா."

"அரிசி வேண்டாம். வடிச்ச தண்ணியை மட்டும்."

என் கால் குசினிப் பக்கம் திரும்பிவிட்டது. அரிசி வாளியை இந்த முறையும் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்ததுகூட நினைவிலிருந்து போய்விட்டது. அவள் கஞ்சி கலக்கிய அன்று அவளுடைய கைக்கு என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கோபம் இல்லை. "அப்ப நான் அவனுக்குக் குடுக்காமல் விட்டது..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"சரிதான் அக்கா. நீ செய்தது சரி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கரண்டி கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது, சத்தம் வரவில்லை. நான் கட்டில் விளிம்பில் இருந்து அவளுடைய வயிற்றில் கை வைத்தேன். உள்ளே இரைந்தது. எனக்கும் காலையிலிருந்து தேத்தண்ணி மட்டும்தான், என் வயிறும் பதிலுக்கு இரைந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, கண்ணாடி அதிர்ந்தது. கந்தோரில் மணி அடித்தால் போகிற என் கை இந்த முறை தானாக என் வயிற்றுக்குப் போகவில்லை. அது அக்காவின் வயிற்றிலேயே இருந்தது, அவள் தூங்கும் வரை.